வேலிக்கு உள்ளே எந்தச் சட்டம்?

புது தில்லி: பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டால், அவனுடைய பெற்றோரோ வாகன உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறை செல்ல நேரிடலாம்; ரூ. 25 ஆயிரம் அபராதமும் உண்டு. 2019-இல் நாடாளுமன்றம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு இவ்வாறு கூறுகிறது. மாநில அரசின் எழுத்துபூர்வ இசைவின்றிப் பந்தயம் ஓட்டுவோரைத் தண்டிக்க 189-ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால் இவ்விரண்டின் பார்வையும் "பொது இடம்" என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. வேலியிட்ட தனி மைதானத்தில் அதே சிறுவன் மண்மேடுகளின் மீது பாய்ந்து பந்தயம் ஓட்டினால், இச்சட்டம் குறுக்கிடுவதில்லை.

மோட்டோகிராஸ் என்னும் அந்தப் பந்தயம் நம் நாட்டில் புதிதல்ல. புணே, நாசிக், பெங்களூரு, கோவை போன்ற நகரங்கள் அதன் மைதான வடிவமான சூப்பர்கிராஸை நெடுங்காலமாக அறிந்தவை. 2024-இல் புணே, ஆமதாபாத், பெங்களூரு ஆகிய நகரங்களில் வெளிநாட்டு வீரர்களுடன் லீக் போட்டியும் தொடங்கியது. கூட்டம் பெருகுகிறது, விளம்பரப் பணமும் வருகிறது. வீரரின் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மட்டும் பின்தங்கி நிற்கிறது.

மேட்டுக்கு அப்பால்...

கார் பந்தயத்துக்கு நிலையான தார்த் தளம் உண்டு. சூப்பர்கிராஸ் தடமோ பெரும்பாலும் தற்காலிகமானது. லாரிகளில் மண் கொண்டுவந்து கொட்டப்படுகிறது. இயந்திரங்கள் சில நாள்களில் அதை மேடும் வளைவுமாக ஆக்குகின்றன. பந்தயம் முடிந்ததும் மண் அகற்றப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு பந்தயத்திலும் தடம் புதிது. பிழை நேரும் வாய்ப்பும் புதிது.

மேட்டிலிருந்து எழும்பிய வாகனத்தை அந்தரத்தில் வேறு பக்கம் திருப்ப இயலாது. பிரேக் பிடித்தும் அங்கே வேகத்தைக் குறைக்க முடியாது. இரு மேடுகளுக்கு இடையே பள்ளம் இருந்து, பாய்ச்சல் சற்றே குறைந்தால், முன்சக்கரம் இரண்டாவது மேட்டின் முகப்பில் மோதும், வீரர் தூக்கியெறியப்படுவார். அதே பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி மேசைபோல் சமன்படுத்திவிட்டால், பாய்ச்சல் குறைந்தவர் சமதளத்தில் இறங்குவார். இழப்பு, பெரும்பாலும் சில நொடிகளே. இறங்குமிடமும் சரிவாக இருக்க வேண்டும். தட்டையான தரையில் விழும் வேகம் முழுவதும் மணிக்கட்டிலும் முதுகெலும்பிலும் இறங்குகிறது.

அடுத்த ஆபத்து, பார்வை மறைப்பு. மேட்டின் மறுபுறம் ஒருவர் விழுந்து கிடப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அதனால்தான் மேடுகளின் அருகே மஞ்சள் கொடியுடன் மார்ஷல் ஒருவர் நிறுத்தப்படுகிறார். கொடி அசைந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. கொடி அசையாவிட்டால் அடுத்த சக்கரம் விழுந்தவர் மீதே ஏறக்கூடும்.

மைதானம் சிறியதாக இருப்பதால் எதிரெதிர்த் திசையில் செல்லும் தடங்கள் அருகருகே அமைகின்றன. இடைவெளியோ மென்மையான தடுப்போ இல்லையெனில், கட்டுப்பாடு இழந்த வாகனம் பக்கத்துத் தடத்தில் பாயும். வைக்கோல் கட்டுகளும் மழையில் நனைந்தால் கனத்து இறுகிவிடும். தண்ணீர் தெளிக்காத தடத்தில் புழுதி கண்ணை மறைக்கும். அளவு மீறித் தெளித்தால் சக்கரம் வழுக்கும்.

இவை எவையும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. இன்னும் சில லாரி மண், பயிற்சி பெற்ற சில மார்ஷல்கள், தடத்தை நடந்து பார்த்து "இந்த மேட்டை இடி" என்று சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர்: தேவை இவ்வளவே.

பொறுப்பு யாருக்கு?

இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வீரர்களுக்கு உரிமமும் போட்டிகளுக்கு அனுமதியும் வழங்குகிறது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பில் உறுப்பினரான அதற்கு விதிமுறைகளும் உள்ளன. ஆயினும் அவை கூட்டமைப்பின் அனுமதியை நாடி வருவோரையே கட்டுப்படுத்தும். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனமாக விளையாட்டு இடம்பெற்றுள்ளது. மத்திய அரசு மாநிலங்களைக் கைகாட்ட அது இடம் தருகிறது. உள்ளூர் நிர்வாகத்துக்கோ இது கூட்டத்தையும் போக்குவரத்தையும் சமாளிக்கும் பிரச்னை மட்டுமே.

விபத்துகள் எச்சரிக்காமல் இல்லை. 2019 செப்டம்பரில் ராஜஸ்தானின் பார்மேர் மாவட்டத்தில் நடந்த கார் ராலியில், தடத்துக்குள் நுழைந்த மோட்டார் சைக்கிள் மீது பந்தயக் கார் மோதி, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் இறந்தனர். 2023 ஆகஸ்டில் சென்னைக்கு அருகே தார்த் தளத்தில் நடந்த தேசிய மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். இரண்டுமே மோட்டோகிராஸ் அல்ல. எனினும் தடத்தின் பாதுகாப்புக்கும் சிறுவர்களின் பங்கேற்புக்கும் யார் பதில் சொல்வது என்ற வினா இரண்டிலும் எழுந்தது.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கிடையே மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிச் சட்டமாயிற்று. கூட்டமைப்புகளின் தேர்தல், தேசிய விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம் ஆகியவற்றோடு, "பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கை" ஒன்றுக்கும் அது வழிசெய்கிறது. மகளிரையும் சிறார்களையும் துன்புறுத்தலிலிருந்து காப்பது அக்கொள்கையின் முதன்மை நோக்கம். அது மிகச் சரியானதே. ஆனால் சிறாரின் பாதுகாப்பு என்பதில் அவர்கள் ஓடும் தடத்தின் பாதுகாப்பும் அடங்க வேண்டாமா?

பந்தயத்துக்கு முன் தட ஆய்வு அறிக்கையை வெளியிடுவது, ஆம்புலன்ஸும் மருத்துவரும் இன்றிப் பந்தயம் தொடங்கக் கூடாதென விதிப்பது, ஒவ்வொரு விபத்தையும் பதிவு செய்து காரணத்தை அறிவிப்பது ஆகிய மூன்றையும் விதிகளில் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டாலே அமைச்சகம் பதில் சொல்லியாக வேண்டும். சாலையில் ஓட்டும் சிறுவனுக்காகப் பெற்றோரைச் சிறைக்கு அனுப்பத் துணிந்த நாடாளுமன்றம், வேலிக்கு உள்ளே ஓட்டும் சிறுவனைப் பற்றியும் பேச வேண்டும்.