வேட்புமனுவில் சலுகை உண்டு. சுவரில் இடம் உண்டா?

தேர்தல் காலத்தில் ஜப்பானில் பயணம் செய்பவர், தெருவோரங்களில் கட்டம் கட்டமாக எண்ணிடப்பட்ட பலகைகளைக் காண்பார். அவற்றை நிறுவுவது உள்ளூர் தேர்தல் நிர்வாகம். ஒரு வேட்பாளருக்கு ஒரு கட்டம். ஆளுங்கட்சி வேட்பாளருக்கும் முதன்முறை நிற்கும் சுயேச்சைக்கும் அளவு ஒன்றே.

இங்கே எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தை எண்ணிப் பார்ப்போம். 2023 டிசம்பர் எண்ணெய்க் கசிவில் படகிலும் வலையிலும் கரும்படலம் படியக் கண்ட ஊர் இது. கொசஸ்தலை ஆற்றைக் காக்கும் கோரிக்கையோடு, இப்பகுதியின் தலித் இளைஞர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நிற்கிறார் எனக் கொள்வோம். அவருக்குச் சட்டம் தருவது என்ன?

பொது வேட்பாளருக்கு 10,000 ரூபாயாக உள்ள வைப்புத்தொகை, பட்டியல் சாதியினருக்கு 5,000 ரூபாய். பொதுத்தொகுதியிலும் இச்சலுகை உண்டு. சலுகை அத்துடன் முடிகிறது. வேட்பாளரின் செலவுக்கு 40 லட்சம் ரூபாய் உச்சவரம்பு உண்டு. கட்சியின் பொதுப் பிரச்சாரச் செலவுக்கு வரம்பே இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு, சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது பொறுப்பை உறுதிசெய்கிறது, இடத்தைப் பகிர்ந்தளிக்கவில்லை.

சின்னமும் தடையே. சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது மனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பின்னர்தான். அதுவரை சின்னத்தோடு சுவரொட்டி அச்சிட வழியில்லை. விடுதலைச் சிறுத்தைகள் கட்சியே 2024 மக்களவைத் தேர்தலில் பானைச் சின்னத்துக்குப் போராட நேர்ந்தது. சிதம்பரத்தையும் விழுப்புரத்தையும் வென்ற பிறகே அது மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது.

ஜப்பானிய முறையும் குறையற்றதன்று. டோக்கியோ ஆளுநர் தேர்தலுக்கு வைப்புத்தொகை 30 லட்சம் யென். 2024இல் அங்கு 56 பேர் போட்டியிட்டனர்; ஒரு கட்சி பலரை நிறுத்தி, அவர்களுக்குரிய கட்டங்களை நன்கொடையாளர்களின் படங்களுக்கு அளித்தது. அதனால் 2025இல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே வாசல் குறுகியது, சுவர் சமமானது; இங்கே வாசல் அகன்றது, சுவரோ பணமுள்ளவருக்கே உரியது.

பொதுத் திடல்களை ஆளுங்கட்சி தனியுரிமையாக்கக் கூடாது எனத் தேர்தல் நடத்தை நெறிமுறை ஏற்கெனவே கூறுகிறது. அதே நெறியைச் சுவருக்கும் நீட்டி, வார்டுதோறும் சம அளவுப் பலகைகள் அமைக்கக் கோருவோம். அதுவரை ஒவ்வொரு சுவரொட்டியின் அடியிலும் அச்சகத்தின் பெயரைத் தேடுவோம். இல்லையெனில் தேர்தல் அலுவலரிடம் எழுத்துவழி முறையிடுவோம். வேட்பாளராகும் உரிமை, வாக்காளரின் கண்ணில் படும் உரிமையையும் உள்ளடக்கியதே.