தண்டவாளம் போன பாதைகள்

நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு வெள்ளையர் காலத்தில் தேயிலைக்காகப் போட்ட இரண்டரை அடி அகல மலைப்பாதை 1940களில் மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி 1990 ஜூனில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. யாழ் நிலையமோ தன் கூரையை இழந்து, சன்னம் துளைத்த சுவர்களோடு நின்றது. இடிபாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டு பாதைகளும் ஒன்றுதான். ஆனால் இராகலைக் கோச்சி திரும்பவேயில்லை. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13இலும், காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியிலும் திரும்பி வந்துவிட்டது. இராகலையில் லொறியும் பஸ்ஸும் கோச்சியின் வேலையைப் பறித்தன. யாழ்ப்பாணத்தில் வேலை அப்படியே கிடந்தது, பாதையைத்தான் போர் தின்றது.

யாழ்ப்பாணப் பாதையை மீண்டும் போட இந்தியா கொடுத்த கடன் இல்லாவிட்டால் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திராது. ஆனால், ஏற ஆளில்லாத பாதைக்குக் கடன் கேட்பவரும் இல்லை, கொடுப்பவரும் இல்லை. யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில்தான் பஸ் ஓடுகிறதே என்பார்கள். கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்; வயோதிபரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கோச்சியில் இடம் இருக்கிறதா என்பதைத்தான்.