அரச காட்டில் மரந்தறிக்கும் களம்

அரச காட்டில் வீழ்த்தப்படும் மரம் எவருடையது? சட்டப்படி அரசினுடையது, அரசினுடையதெனில், நம் எல்லோருக்கும் உரியது. ஆதலின், அனுமதி பெற்று அத்தகைய களமொன்றைக் காணச் செல்வோர் எவற்றை நோக்குதல் வேண்டுமென்பதை இன்று எடுத்துரைப்போம்.

இலங்கையின் உலர் வலயத்திலுள்ள தேக்கந்தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். தேக்கு இந்நாட்டுக்குரிய மரமன்று. ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்தது. சேனைப் பயிர்களினிடையே கன்றுகளை நாட்டி உண்டாக்கப்பட்ட தோட்டங்களும் உள. கன்றுகளை நெருக்கமாக நட்டு, வளர வளர மெலிந்தவற்றைக் களைந்து, எஞ்சியவற்றைப் பருக்கவிடுவர். எனவே, வெட்டப்படும் மரமெல்லாம் முதிர்ந்த மரமன்று. பிற மரங்களுக்கு இடமளிக்க வீழ்வதும் உண்டு.

முதலில் நோக்கவேண்டியது குறியீடு. வெட்டுதற்குரிய மரத்தை அளந்து, இலக்கமிட்டு, முத்திரைச் சுத்தியலால் அடையாளம் பதிப்பது வனத்துறையின் நெடுநாள் வழக்கம். அடியிற் பதித்த குறி, மரம் போன பின்னும் கட்டையில் நிற்கும். குறியற்ற கட்டை கணக்கில் வராத மரத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது வீழ்த்தும் முறை. மரம் சாயவேண்டிய பக்கத்தில் முதலில் ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. பின்னர் எதிர்ப்பக்கத்தில் சற்று மேலாக மற்றொரு வெட்டு. இரண்டிற்குமிடையே அறுபடாது விடப்படும் சிறு பகுதியே கதவின் கீல்போல நின்று மரத்தை நெறிப்படுத்தும். அது முற்றாக அறுபடின் மரம் எப்பக்கமும் சாயலாம். ஆதலால், பார்வையாளர் மரத்தின் உயரத்தைப்போல இருமடங்கு தூரத்திற்கு அப்பாலேயே நிற்றல் வேண்டும்.

மூன்றாவது நிலம். குற்றிகளை இழுத்துச் சென்ற தடம் சரிவில் நேர்கீழாக ஓடினால், மாரிமழை அதனையே வாய்க்காலாக்கி மண்ணை அள்ளிச் செல்லும். நீரோடைக் கரைகளில் மரங்கள் விடப்பட்டுள்ளனவா என்பதையும் காண்க. வெட்டிய தேக்கங்கட்டை மீண்டும் துளிர்க்கும்; கழுவுண்ட மண்ணோ எளிதில் மீளாது.

தோட்டத்திற்குப் பொருந்துவது இயற்கைக் காட்டிற்குப் பொருந்தாது. ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் 1972 முதல் 1977 வரை மரந்தறிக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பினால் அது நின்றது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. நாட்டின் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் 1990 இல் தடைசெய்யப்பட்டது. அதன் பின்னர் நம் வீட்டுக் கதவுக்கும் கட்டிலுக்கும் வேண்டிய மரம் நாட்டிய தோட்டங்களிலிருந்தும், வீட்டு வளவுகளிலிருந்தும், பிற நாடுகளிலிருந்துமே வருதல் வேண்டும்.

தோட்டம் செவ்வனே நடந்தால் முதிரையும் பாலையும் கருங்காலியும் காட்டில் நிலைக்கும். அது சீர்கெட்டால் கள்ளக் கோடரி அவற்றையே தேடிச் செல்லும். ஆகவே, வெட்டுண்ட தேக்கினைக் கண்டு வருந்துவதினும், அக்கட்டையிற் குறி உண்டா, அவ்விடத்தில் அடுத்த தலைமுறை மரம் எழுகின்றதா என்று வினாவுதலே பயனுடையது.