வழவழப்பான தெருவில் ஒரு மேடு

உங்கள் தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே? குழி இல்லை, புழுதி இல்லை, மழை பெய்தால் சேறும் இல்லை. ஆனால் தெரு வழவழப்பானதும் கூடவே இன்னொன்றும் வந்துசேர்கிறது. அதுதான் வேகம்!

திருப்பூரின் வடபகுதியில் உள்ள நெருப்பெரிச்சலை எடுத்துக்கொள்வோம். பின்னலாடைத் தொழில் சூழ்ந்த ஊர். நாம் அணியும் பனியன் பெரும்பாலும் ஒரே கட்டடத்தில் உருவாவதில்லை. நூல், நிட்டிங் எந்திரத்தில் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே துணி ரோல்களை ஏற்றிய டெம்போக்களும் மொபெட்டுகளும், தொழிலாளர்களை ஏற்றிய கம்பெனி வேன்களும் வீடுகள் நிறைந்த தெருக்களின் ஊடேயும் ஓடுகின்றன. அதே தெருக்களில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கிறார்கள்; பந்து விளையாடுகிறார்கள்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோமா? வண்டிக்குப் பத்து மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவருகிறது. ஓட்டுநர் அதைக் கண்டு, பிரேக்கை மிதிப்பதற்கு ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியும் வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், அந்த வினாடியில் வண்டி ஐந்தரை மீட்டர் ஓடும். உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால், மேலும் மூன்று மீட்டரில் நின்றுவிடும். குழந்தை தப்பியது.

வேகம் 40 கிலோமீட்டர் என்றால்? அந்த ஒரு வினாடியிலேயே வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். அதாவது, கால் பிரேக்கைத் தொடுமுன்பே வண்டி குழந்தையின் மீது மோதிவிடும்! வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மோதலின் கடுமை அந்த ஆற்றலைப் பொறுத்தது. குழந்தையின் உயிர் அந்த 20 கிலோமீட்டர் வித்தியாசத்தில் இருக்கிறது. இதனால்தான் மக்களும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக மாநாடு அறிவித்தது.

சரி, வேகத்தை எப்படிக் குறைப்பது? "மெதுவாகச் செல்லவும்" என்று பலகை வைத்தால் எல்லாரும் கேட்பார்களா? 1953இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் இதே தொல்லை. அங்கே சாலையின் குறுக்கே மேடு அமைக்கத் திட்டம் வகுத்தவர் யார் தெரியுமா? எக்ஸ் கதிர் ஆய்வுக்காக 1927இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ஆர்தர் காம்ப்டன்தான்!

ஆனால் எந்த மேடும் வேகத்தடை ஆகிவிடாது. சில தெருக்களில் மக்கள் தாங்களே சிமெண்டைக் குழைத்து, ஒரு முழம் அகலத்தில் செங்குத்தாக மேடு கட்டிவிடுகிறார்கள். இது ஆபத்து. துணி ரோல் ஏற்றிய மொபெட் இதில் சரிந்துவிடும். பின்னால் அமர்ந்திருக்கும் கர்ப்பிணிக்குக் கேடு. வேடிக்கை என்னவென்றால், வேகமாக வரும் காருக்கு இது அதிகம் உறைப்பதில்லை. குறுகிய மேட்டின் அதிர்ச்சியைக் காரின் ஸ்பிரிங்குகளே வாங்கிக்கொள்கின்றன.

1970களில் இங்கிலாந்தின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பலவகை மேடுகளைச் சோதித்து, நல்ல வடிவம் ஒன்றைக் கண்டார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் பரிந்துரைத்த மேடும் அதே அளவுதான்: அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில் போன்ற வளைவு. 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் வண்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். வேகம் கூடக் கூடக் குலுக்கலும் கூடும். மேட்டின்மீது வெள்ளைக் கோடுகளும், 40 மீட்டருக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்.

இதை எங்கே அமைப்பது என்று முடிவு செய்பவர் யார்? நெருப்பெரிச்சல் முன்பு தனி ஊராட்சி. அப்போது தெருவின் குறைகளைக் கிராம சபையில் எழுந்து சொல்லலாம். 2011இல் அது திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. கிராம சபை ஊராட்சிகளுக்கு மட்டுமே உரியது. மாநகராட்சியில் அது இல்லை. பிறகு 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. வார்டு மக்கள் தங்கள் கவுன்சிலர் முன்னிலையில் சாலை, விளக்கு, குடிநீர் பற்றிப் பேச அங்கே இடம் உண்டு.

கூட்டத்தில் "வண்டிகள் வேகமாகப் போகின்றன" என்று வெறுமனே சொன்னால், "பார்க்கலாம்" என்ற பதிலே வரக்கூடும். எண்களோடு சொன்னால்? அந்த வேலையை நீங்கள் செய்யலாம்!

பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டி வராத நேரத்தில் தெரு ஓரத்தில் 50 மீட்டர் அளந்து, இரு முனைகளிலும் சுவரில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு திண்ணையிலோ வாசற்படியிலோ உட்கார்ந்துகொள்ளுங்கள். சாலையில் இறங்கக் கூடாது. ஒவ்வொரு வண்டியும் அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். 180ஐ அந்த வினாடிகளால் வகுத்தால், மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைத்துவிடும். 9 வினாடி என்றால் 20; 6 வினாடி என்றால் 30; நாலரை வினாடி என்றால் 40. காலை ஷிப்டு தொடங்கும் நேரம், பள்ளி விடும் நேரம் என்று தனித்தனியே அட்டவணை போடுங்கள். பிறகு அதை அப்பா அம்மாவிடம் கொடுத்து, அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

முடிக்குமுன் ஒரு கேள்வி. ஒரு வேன் 50 மீட்டரை 5 வினாடியில் கடந்தது. அதன் வேகம் என்ன? பத்து மீட்டர் முன்னால் குழந்தை ஓடிவந்தால் அந்த வேன் நின்றிருக்குமா? கணக்கிட்டுப் பாருங்கள்.