லைட் அடித்தால் வழி கிடைத்துவிடுமா? காரமடை சந்திப்பில் யார் முதலில் போகணும்?

தோலம்பாளையம் பக்கமிருந்து காரமடைக்கு வரும் டூவீலர் ஒன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து ஊட்டி போகும் கார் லைட்டை அடித்துக்கொண்டே வருகிறது. யார் நிற்கணும்?

டூவீலர்தான். ஆனால் காரணம் அந்த லைட் இல்லை. பிரதான சாலைக்குள் நுழைபவர், ஏற்கெனவே அதில் வரும் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும் என்பது 1989-லேயே வந்த விதி. இரண்டும் சமமான ரோடு என்றால்? சிக்னலோ போலீஸோ இல்லாத இடத்தில், உங்கள் வலது கைப்பக்கம் வரும் வண்டிக்கே முதல் வழி. பெரிய வண்டிக்கு முதல் வழி என்பது நம்ம ஊர் எழுதாத சட்டம். எழுதிய சட்டத்தில் வண்டியின் சைஸ் பற்றிப் பேச்சே இல்லீங்க.

அதிகம் சொதப்புவது வலது திருப்பத்தில்தான். இண்டிகேட்டர் போட்டு, முன்கூட்டியே ரோட்டின் நடுப்பக்கம் வந்து, எதிரே வரும் வண்டிகள் போனபின் திரும்பி, புது ரோட்டின் இடது ஓரத்தில் சேர வேண்டும். பலரும் மூலையைக் குறுக்கே வெட்டித் திரும்புகிறார்கள். அப்போது கிளைச் சாலை வாயில் வெளியே வரக் காத்திருப்பவருக்கு நேர் எதிரே போய் நிற்கிறோம். அவர் பார்வையோ மெயின் ரோட்டில் இருக்கும்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. ஒதுங்கியே ஆகணும். 2019 சட்டத் திருத்தப்படி, வழிவிடாவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.