கொல்லையில் ஒரு குளம்

பத்தாம் வகுப்பு மாணவி, கொத்தமங்கலம்



நம் செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வானம் தருவதே நமக்குத் தண்ணீர். ஆதலால்தான் நம் முன்னோர் வீடு கட்டும்பொழுதே மழையை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். ஓட்டுக் கூரையில் விழுகின்ற மழை வளவின் முற்றத்தில் இறங்கும். தெருவில் விழுகின்ற மழை வாய்க்கால் வழியே ஊருணியை அடையும். ஊருணி ஊரின் தாகத்தைத் தீர்க்கும். கண்மாய் வயலின் தாகத்தைத் தீர்க்கும். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது, மாளிகைகளோடு இந்த நீர் ஏற்பாடும் அவற்றின் சிறப்பாகக் குறிக்கப்பட்டது. நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி அன்றோ!

அந்த ஊருணியின் தங்கை போல ஒரு சிறு குளம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றது. நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர், ஆழம் முக்கால் மீட்டர். பெருக்கிப் பாருங்கள், 4,500 லிட்டர் நீர் கொள்ளும். அதில் அல்லியும் மீனும் வளர்க்கின்றோம். பார்க்க வருகின்றவர்கள் இரண்டு கேள்விகளைக் கேளாமல் போவதில்லை. "தண்ணீருக்குத் தவிக்கின்ற ஊரில் மீனுக்கு ஒரு குளமா?" என்பது ஒன்று. "கொசு மொய்க்காதா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. குளத்தை ஆண்டு முழுவதும் பேணும் முறையைச் சொல்லிக்கொண்டே இவற்றுக்கும் விடை கூறுகின்றோம்.

ஆடியும் ஆவணியும்: குளம் வெட்டும் காலம்

குளத்துக்கு ஏற்ற இடம் மரத்தடி அன்று. இலை உதிர்ந்து அழுகினால் நீர் கெடும்; வேர் சுவரைப் பிளக்கும். அல்லி பூக்க நாள்தோறும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். ஆயினும் உச்சி வெயில் முழுவதும் விழுந்தால் நீர் கொதிக்கும். ஆகவே காலை வெயில் படும்படியும் பிற்பகலில் வீட்டுச் சுவரின் நிழல் விழும்படியும் இடம் பார்க்க வேண்டும்.

சிமெண்டுப் பூச்சு புதிதாக இருக்கும்பொழுது அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து நீரில் கரைந்து காரத்தன்மையை மிகுவிக்கும். அதில் மீனை விட்டால் செவுள் வெந்து இறக்கும். வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற வைப்பது நம் பக்கத்து வழக்கம். புரட்டாசியில் பெய்யும் இடிமழை நீரைக் குளத்தில் நிறுத்தி, சில நாள் கழித்து வெளியேற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் சுண்ணாம்பு அடங்கும். கிணற்று நீரும் வீணாகாது.

வீட்டில் சிறு குழந்தைகள் உண்டானால் குளத்தைச் சுற்றி வேலி இன்றியமையாதது. முழங்கால் அளவு நீரும் குழந்தைக்கு ஆபத்தே. இதில் அலட்சியம் கூடவே கூடாது.

ஐப்பசியும் கார்த்திகையும்: வானம் நிரப்பும் காலம்

தமிழகம் ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். இக்கணக்கை மறவாதீர்கள். 50 சதுர மீட்டர் கூரை இருந்தால் 90 மில்லிமீட்டர் மழையிலேயே எங்கள் குளத்துக்கு வேண்டிய 4,500 லிட்டர் கிடைத்துவிடும். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும். அதை மட்டும் வெளியே விட்டுவிடுகின்றோம். 2003ஆம் ஆண்டு தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நம் வளவு வீடுகளுக்கு அது புதிய பாடம் அன்று. மறந்துபோன பழைய பாடமே.

நீர் நிரம்பியதும் செடிகளை நட வேண்டும். அல்லிக் கிழங்கை வாயகன்ற மண்தொட்டியில் களிமண்ணிட்டு நட்டு, மேலே சிறிது மணலைப் பரப்பிக் குளத்துக்குள் இறக்குகின்றோம். தொட்டியில் நட்டால் வேர் குளமெங்கும் பரவாது. ஓரத்தில் வல்லாரையும் கோரையும் வைக்கலாம். வேலம்பாசி போன்ற நீர்மூழ்கிச் செடிகள் பகலில் நீருக்குள் உயிர்வளியைத் தரும்.

ஆகாயத்தாமரை என்று நாம் கூறும் ஊதாப்பூச் செடியை மட்டும் அழகுக்கு மயங்கிக் கொண்டுவராதீர்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. சில வாரங்களில் இரு மடங்காகப் பெருகி நீரை மூடி, கீழுள்ள உயிர்களைத் திணற வைக்கும். எத்தனையோ கண்மாய்கள் அதனால் பாழாகியுள்ளன.

மீன்களை ஒரே நாளில் கூட்டமாக விடக்கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உரமாக உறிஞ்சிக்கொள்ளும். இந்த நுண்ணுயிர்கள் சுவரிலும் மணலிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். எனவே முதலில் நாலைந்து சிறு மீன்கள். ஒரு மாதம் சென்றபின் மற்றவை. வாங்கி வந்த மீன்பையைக் கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டுப் பிறகு திறந்தால், சூட்டு வேறுபாட்டால் மீன் அதிர்ச்சி அடையாது. பொன்மீனுக்குத் தலைக்கு 100 லிட்டர் நீர் என்று கொண்டால் நெருக்கடி நேராது.

கொசு வராதா?

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அசையாத நல்ல நீரில் முட்டையிடும். உடைந்த குடம், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவையே அதன் பிரசவ அறைகள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாமல் காத்திருக்கும். ஆனால் மீன் உள்ள குளத்தில் கொசுப் புழு பொரித்தால் அது மீனுக்குக் காலை உணவு! வயல் வாய்க்கால்களில், உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு வைத்ததுபோல் மேல்மட்டத்தில் திரியும் சின்னஞ்சிறு மீனைப் பார்த்திருப்பீர்கள். கொசுப் புழுவை உண்பதில் அது கெட்டிக்காரி. தட்டான்பூச்சியின் இளம் உயிரியும் நீருக்குள் இருந்துகொண்டு கொசுப் புழுவைத் தின்னும்.

ஆகவே கொசுவுக்கு அஞ்ச வேண்டியது மீனுள்ள குளத்தைக் கண்டு அன்று. மீனில்லாத தேங்கலைக் கண்டே. வாரம் ஒரு நாள் கொல்லையைச் சுற்றி வந்து, நீர் தேங்கிய பாத்திரங்களைக் கவிழ்ப்பது குளம் வைத்திருப்பவர் கடமை. எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொசுவை ஒழிக்கவென்று கம்பூசியா என்னும் அமெரிக்க மீன் 1928ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அது கொசுப் புழுவோடு நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்றது. உலகில் மிகுந்த கேடு செய்யும் 100 அயல் உயிர்களின் பட்டியலில் இன்று அதன் பெயர் உள்ளது. கப்பி, பொன்மீன் முதலிய வெளிநாட்டு மீன்கள் வீட்டுக் குளத்தோடு நிற்க வேண்டும். பெருமழையில் குளம் வழிந்தால் அவை வாய்க்காலில் இறங்கி ஊருணிக்குப் போய்விடும். எனவே வழிந்தோடும் வாயில் நெருக்கமான வலை கட்ட வேண்டும். அலுத்துப்போன மீனை "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஊருணியில் விடுவது புண்ணியம் ஆகாது.

அடைமழை நாட்களில் மற்றொரு கவலையும் உண்டு. வெயில் இல்லாதபோது செடிகள் உயிர்வளியைக் குறைவாகவே உண்டாக்கும். இரவிலோ அவையும் மீனைப் போலவே சுவாசிக்கும். அதனால் விடியற்காலையில் உயிர்வளி மிகவும் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். அப்பொழுது வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலந்து மீன் தெளியும். அன்று தீனி போடக்கூடாது.

மார்கழி முதல் மாசி வரை: அமைதியான காலம்

பனிக்காலத்தில் நீர் குளிரும். மீனுக்குப் பசி குறையும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த உருண்டையைப் பாதியாகக் குறைக்கின்றோம். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே எக்காலத்துக்கும் சரியான அளவு. மிச்சம் கிடந்து அழுகுவதுதான் குளம் நாறுவதற்கு முதற்காரணம்.

இக்காலத்தில் விருந்தினரும் வருவார்கள். மீன்கொத்தியும் கொக்கும் குளத்தைச் சும்மா விடமாட்டா. அல்லி இலைகளும், கவிழ்த்துப் போட்ட ஓர் உடைந்த பானையும் மீனுக்கு ஒளிவிடம் ஆகும். பறவைகளைக் கல்லால் அடிக்க வேண்டியதில்லை. நம் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை எண்ணிப் பாருங்கள். 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்தக் கண்மாய்களுக்கு வரும் பறவைகள் அஞ்சுமே என்று, கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அவர்கள் பெருந்தன்மைக்கு முன் நம் இரண்டு மீன் எம்மாத்திரம்!

மாசியில் ஒருமுறை சேறு வாருகின்றோம். முழு நீரையும் இறைத்துவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு போதும். சுவரைச் சோப்பிட்டுத் தேய்த்தால், உழைக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் மடிந்துவிடும். வாரிய சேறு கத்தரிக்கும் கீரைக்கும் நல்ல உரம்.

பங்குனி முதல் ஆனி வரை: சோதனைக் காலம்

கோடையில் இரு துன்பங்கள் சேர்ந்து வரும். ஒன்று, நீர் சூடாக ஆக அதில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகை செல்சியசில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும். 35 பாகையில் 7 மில்லிகிராமே கரையும். மற்றொன்று, நீர் ஆவியாகும். குளத்தில் நாளொன்றுக்கு அரைச் சென்டிமீட்டர் இறங்கினால் 30 லிட்டர் போய்விட்டது என்று பொருள். அது இரண்டு குடம்.

இங்கேதான் முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். பங்குனி வெயிலில் குடத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே மீனுக்கு இரண்டு குடம் ஊற்றுவது தகுமா? எங்கள் அப்பத்தாவும் இதைக் கேட்டார்கள். நாங்கள் யோசித்துக் கண்ட வழி இதுதான். வாழைக்கும் முருங்கைக்கும் எப்படியும் நாள்தோறும் நீர் ஊற்றுகின்றோம். அந்த நீரைக் கிணற்றிலிருந்து நேரே மரத்துக்கு ஊற்றாமல் முதலில் குளத்தில் ஊற்றுகின்றோம். அதே அளவு பழைய நீரைக் குளத்திலிருந்து மொண்டு மரத்துக்கு ஊற்றுகின்றோம். மீனுக்குப் புதுநீர்; மரத்துக்கு உரநீர். ஒரே நீர் இருமுறை உழைக்கின்றது! ஆவியாகும் இரண்டு குடம் மட்டுமே கூடுதல் செலவு. அதையும் குறைக்க, தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, நீர்ப்பரப்பில் பாதியை அல்லி இலை மூடும்படி விடுகின்றோம். குழாய் நீரானால் அதில் குளோரின் இருக்கும்; ஒரு நாள் திறந்து வைத்திருந்த பிறகே ஊற்ற வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டில் கிணறு அடிமட்டத்துக்குப் போனால் என்ன செய்வது? மனிதர் குடிக்கும் நீரே முதன்மை. குளத்தைச் சுருக்கிவிட வேண்டும். மீன்களை 500 லிட்டர்த் தொட்டிக்கு மாற்றி, அவ்வளவுக்கு அடங்காதவற்றை வேறு வீடுகளுக்குக் கொடுத்துவிடலாம். அல்லிக் கிழங்கை ஈரச் சேற்றில் புதைத்து நிழலில் வைத்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். நீர்வாழ் உயிர்கள் காத்திருக்கத் தெரிந்தவை. சீனாவில் வறண்டுபோன ஏரிப்படுகையில் கிடைத்த, சுமார் 1,300 ஆண்டுப் பழமையான தாமரை விதை முளைத்ததாக 1995ஆம் ஆண்டு அறிவியலார் வெளியிட்டனர். நம் கண்மாய் மீன்களிலும் அத்தகைய உறுதி உண்டு. 1791ஆம் ஆண்டு தரங்கம்பாடியில், பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த ஒரு மீனைக் கண்டதாக டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி எழுதினார். அதுவே பனையேறிக் கெண்டை. அது காற்றைச் சுவாசித்து, நீர் வற்றினால் ஈர நிலத்தில் ஊர்ந்து வேறிடம் தேடும்.

முடிவுரை

மழை எப்பொழுது வரும், வெயில் எவ்வளவு குடிக்கும், ஒரு குடம் நீரின் மதிப்பு என்ன என்பதைப் பாடநூலைவிடத் தெளிவாக எங்களுக்குக் கற்பித்தது இக்குளமே. இரண்டு குடத்துக்குக் கணக்குப் பார்க்கப் பழகிய கை, குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் போகாது. வீட்டுக் குளத்தைப் பேணத் தெரிந்தவர்க்கு ஊருணியில் குப்பை கொட்ட மனம் வராது.

தோழியரே! குளம் வெட்ட எல்லார் வீட்டிலும் இடமிராது. வாயகன்ற ஒரு மண்தொட்டி போதும். ஓர் அல்லிக் கிழங்கும் நான்கு நாட்டு மீனும் போதும். வரும் ஐப்பசியில் கூரையிலிருந்து விழும் நீரை ஏந்தித் தொடங்குங்கள். பெற்றோர் பெருமக்களே! ஊருணிக்கு வரும் வாய்க்கால்களில் அடைந்துள்ள மண்ணையும் பிளாஸ்டிக்கையும் புரட்டாசிக்குள் அகற்றித் தாருங்கள். வீட்டுக் குளத்தை நாங்கள் பார்த்துக்கொள்கின்றோம்; ஊர்க் குளத்தை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.