ஒரு வாளி ஜலமும் ஒரு மோட்டார் வண்டியும்

தனி வீடு, வீட்டு வாசலில் நாலு செடிகள், செடிகளுக்கு அருகில் வண்டி நிற்க ஒரு கொட்டகை, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் குழாயும் கையுமாகத் தம் வண்டியைத் தாமே குளிப்பாட்டுகிற வீட்டுக்காரர் என்ற காட்சியைச் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் தாராளமாகக் காணலாம். பம்பாயின் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ அது சுலபத்தில் அகப்படாது. இங்கே வண்டி நிற்பது கட்டடவாசிகளின் சங்கமான சொஸைட்டியின் காம்பவுண்டில். குழாயும் சொஸைட்டிக்குச் சொந்தம். குழாயில் வரும் ஜலமோ நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மாநகராட்சி கொண்டுவந்து சேர்த்தது. வண்டியைக் கழுவுகிறவர், விடிவதற்கு முன்னே வாளியும் துணியுமாக வந்து, ஒரே கட்டடத்தில் பல வண்டிகளை முடித்துவிட்டு அடுத்த கட்டடத்துக்கு ஓடுகிற, மாதச் சம்பளக்காரரான வேறொரு மனிதர். ஆகையால், வண்டி கழுவுவதில் ஜலத்தை மிச்சப்படுத்துங்கள் என்று அதிகாரிகள் வேண்டிக்கொள்ளும்போது, அதைப் பத்திரிகையில் வாசிக்கிறவர் ஒருவராகவும், நிறைவேற்றுகிறவர் இன்னொருவராகவும் இருப்பது இந்த நகரத்தின் விசேஷம்.

அப்படியொரு வேண்டுகோள் 2024ஆம் வருஷத்துக் கோடையில் வந்தது. துளசி, விஹார், தான்ஸா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாட்ஸா என்று பம்பாய்க்கு ஜலம் தரும் ஏழு நீர்த்தேக்கங்களும் நிரம்பினால் சுமார் 14.47 லட்சம் மில்லியன் லிட்டர் கொள்ளும். அந்த வருஷம் ஜூன் மாதத்தில் கையிருப்பு அதில் ஆறு சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மே 30 முதல் ஐந்து சதவீத வெட்டு, ஜூன் 5 முதல் பத்து சதவீத வெட்டு என்று மாநகராட்சி உத்தரவிட்டது. கூடவே, ஷவரை விட்டு வாளியில் குளியுங்கள், வண்டிகளைக் குழாய் வைத்துக் கழுவாமல் ஈரத்துணியால் துடையுங்கள் என்றெல்லாம் புத்திமதி சொல்லிற்று. பம்பாய்க்கு இது புதிதன்று. மழை பொய்த்த 2009இல் வெட்டு முப்பது சதவீதம் வரை போயிற்று. 2020இலும் 2022இலும் 2023இலும்கூட மழைக்காலத்திலேயே குழாய்கள் ஏதோ ஒரு விகிதத்தில் இளைத்தன.

மழைக்காலத்திலா ஜலத் தட்டுப்பாடு என்று வெளியூர்க்காரர் கேட்பார். பம்பாய்க்கு ஒரு பருவத்தில் இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனால் ஏழு ஏரிகளில் துளசியும் விஹாரும் மட்டுமே நகரத்துக்குள் இருப்பவை, அவையோ மிகச் சிறியவை. 1860இல் விஹாரைக் கட்டியபோது நகரத்தின் தாகத்துக்கு அது நெடுங்காலம் போதும் என்று நினைத்திருப்பார்கள். இன்று பாதி ஜலம் பாட்ஸா ஒன்றிலிருந்தே வரவேண்டியிருக்கிறது. பாட்ஸாவும் தான்ஸாவும் மோடக் சாகரும் இருக்கும் ஷஹாபூர்ப் பகுதியில் மழை பெய்தால்தான் பம்பாய்க் குழாய் நிமிரும். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது: கிங்ஸ் சர்க்கிளில் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு நல்ல மழைக்கே வண்டிச் சக்கரங்கள் முழுகும் அளவுக்கு வெள்ளம் நிற்கும் அதே வாரத்தில், அந்த வண்டியைக் கழுவுவதற்கு ஜலமில்லை என்ற அறிவிப்பும் நிற்கிறது. இதைவிட விசித்திரமான, இதைவிடக் கசப்பான சங்கதி ஒன்றும் உண்டு. அணைகளைத் தாங்கி நிற்கும் ஷஹாபூர்த் தாலுக்காவின் கிராமங்கள் பலவற்றில் கோடைதோறும் பெண்கள் டாங்கர் லாரியை எதிர்பார்த்துக் குடங்களோடு காத்திருக்கிறார்கள்.

பத்து சதவீத வெட்டு என்று பொதுப்படையாகச் சொல்லும்போது அதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. எல்லோருக்கும் ஒரே விகிதம் அல்லவா! ஆனால் கட்டடவாசிக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் என்றும், குடிசைப் பகுதிக்காரருக்கு 45 லிட்டர் என்றும் வெகுகாலமாகக் கணக்கு வைத்து விநியோகம் செய்கிற ஊரில், முதலாமவர் இழக்கும் பதின்மூன்றரை லிட்டர் அவருடைய செடிகளையோ வண்டியையோ பாதிக்கும். இரண்டாமவர் இழக்கும் நாலரை லிட்டர் அவருடைய சமையலறையில் கை வைக்கும். அதுவும் காகிதக் கணக்குதான். மாட்டுங்காக் கட்டடத்துக்குத் தரையடியில் ஒரு தொட்டி, மொட்டைமாடியில் ஒரு தொட்டி, நடுவே ஒரு பம்ப் என்று மூன்று காவல்கள் இருப்பதால், வெட்டு வந்ததே பல வீடுகளுக்குத் தெரியாது. தாராவியின் சந்துகளிலோ, குழாயில் அழுத்தம் குறைந்தால் வரிசையின் கடைசி வீட்டுக்கு நூல்போலக் கசிந்து நின்றுவிடும். தான்ஸாவிலிருந்து வரும் பெரிய இரும்புக் குழாய்களை ஒட்டியே நெடுந்தூரம் குடிசைகள் கட்டிக்கொண்டு, உள்ளே ஓடும் வெள்ளத்தில் ஒரு சொட்டுக்கும் உரிமையில்லாமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். அனுமதியற்ற குடிசையில் இருப்பவர்களுக்கும் ஜலம் பெறும் உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்வதற்கே 2014 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இந்தத் தராசில் வண்டியை வைத்துப் பார்க்கலாம். சாதாரண ரப்பர் குழாயில் நிமிஷத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று மிதமாகவே வைத்துக்கொண்டாலும், கால் மணி நேரத்தில் 225 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது; ஐந்து பேர் கொண்ட ஒரு தாராவிக் குடும்பத்தின் ஒருநாள் பங்கு சரியாக அதுதான். ஆயிரம் லிட்டர் ஜலத்தின் விலை பத்து ரூபாய்க்கும் குறைவாக இருக்கிறபடியால், குழாயைத் திறந்துவிட்டவருக்கு இந்தச் செலவு பணமாக உறைப்பதே இல்லை. பெங்களூரில் 2024 மார்ச்சில் குடிநீரால் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் என்று அபராதம் போட்டு, சில நாட்களுக்குள் இருபத்திரண்டு வீட்டாரிடம் வசூலித்தும் காட்டினார்கள். டில்லியில் மே மாதக் கடைசியில் இரண்டாயிரம் ரூபாய் என்று அறிவித்து, கண்காணிக்க இருநூறு குழுக்களை அனுப்பினார்கள். பம்பாய் அந்த வருஷம் வேண்டுகோளோடு நிறுத்திக்கொண்டது. மாநகராட்சியின் சொந்தக் குழாய்களிலேயே கசிவாலும் களவாலும் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருக்கையில், அபராதப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு காம்பவுண்டுக்குள் நுழைய அதிகாரிகளுக்கே கூச்சமாக இருந்திருக்கலாம். என் அபிப்பிராயத்தில் அந்தக் கூச்சம் நியாயமானது. ஆனால் அதைக் காட்டிக் குழாயைத் திறந்துவிடுகிறவரின் சமாதானம் நியாயமானதன்று.

நிற்க, ஒரு வாளி ஜலத்தில் வண்டியைச் சுத்தம் செய்ய முடியுமா என்றால், முடியும். ஆனால் அது கைவேலை தெரிந்தவர் செய்யவேண்டிய காரியம். செம்பூரில் மாகுல் பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் கரிப்படலமும், ஊர் முழுவதும் எழும்பும் கட்டடங்களின் சிமெண்டுத் தூளும், கடற்காற்றின் உப்பும் ஒன்றாகப் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால், ஒவ்வொரு மணலும் பெயிண்டில் மெல்லிய வட்டக் கீறல் போட்டுவிட்டுப் போகும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்திவலை விரித்தாற்போலத் தெரியும். முதலில் மெத்தென்ற தூசிதட்டியால் அழுத்தாமல் தட்டிவிட்டு, காக்கை, புறா எச்சத்தின்மீது நனைந்த துணியைச் சிறிது நேரம் ஊறப் போட்டுவிட்டு (சுரண்டினால் பெயிண்டும் கூடவே வரும், எச்சத்தின் அமிலம் வெயிலில் பெயிண்டை அரிக்கவே ஆரம்பித்திருக்கும்), கூரையிலிருந்து தொடங்கிக் கண்ணாடி, பானெட், கதவின் மேல்பாதி என்று இறங்கி, அழுக்கு மிகுந்த கீழ்ப்பாதியையும் சக்கரங்களையும் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டும். துணியை ஒரு வாளியில் அலசி மற்றொரு வாளியில் நனைப்பது உத்தமம். இரண்டும் சேர்ந்து இருபது லிட்டருக்குள் அடங்கும். அலசிய ஜலம் சக்கரங்களுக்கும், பிறகு காம்பவுண்டுத் தரைக்கும் உதவும்.

நடைமுறையில் நிகழ்வது வேறு. கீழே உள்ள ஒரே குழாயிலிருந்து வாளியைச் சுமந்து வருகிறவர், வெட்டு வந்த நாட்களில் அந்தக் குழாயையும் வாட்ச்மேன் பூட்டிவிடுவதால், கிடைத்த ஒரு வாளியைக் கொண்டே ஐந்தாறு வண்டிகளைத் துடைத்தாக வேண்டும். மூன்றாவது வண்டிக்குள் அந்த ஜலம் டீ நிறமாகிவிடும்; ஐந்தாவது வண்டிக்காரர் மாடியிலிருந்து இறங்கிவந்து கீறலைக் காட்டிக் கோபித்துக்கொள்வார். துணிகள் நாலு, மெத்தென்ற தூசிதட்டி ஒன்று, இன்னொரு வாளி ஆகியவற்றைச் சொஸைட்டிச் செலவில் வாங்கிக் கொடுத்துவிட்டு, தினமும் என்பதை வாரம் இருமுறை என்று மாற்றிக்கொண்டு, அதற்காகச் சம்பளத்தைக் குறைக்காமலும் இருந்தால் ஜலமும் மிச்சம், பெயிண்டும் மிச்சம். சம்பளத்தைப் பற்றிய கடைசி நிபந்தனைதான் கமிட்டிக் கூட்டங்களில் எளிதில் நிறைவேறுவதில்லை.

வண்டிக்குக் குடிநீர் எதற்கு என்ற கேள்வி அப்போதும் மிஞ்சுகிறது. பழைய கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் உள்ள கட்டடங்களில் கழுவும் வேலைக்கு அந்த ஜலமே போதும். 2002 முதல் பெரிய மனைகளில் எழும் புதுக் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கி, 2007இல் சிறிய மனைகளுக்கும் அதை விரித்தார்கள். கட்டிய தொட்டிகளில் எத்தனை உபயோகத்தில் இருக்கின்றன என்பதை அந்தந்தச் சொஸைட்டியின் காரியதரிசியிடம்தான் கேட்கவேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய காரியம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நாளொன்றுக்கு 2,464 மில்லியன் லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யக்கூடிய ஏழு நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அஸ்திவாரமிடப்பட்டது; அந்த ஏழில் ஒன்றின் இடம் தாராவி. அவை ஓடத் தொடங்கியபின், சுத்தமாகி வரும் ஜலத்தைத் தோட்டத்துக்கும் வண்டிக்கும் கொண்டுசேர்க்கத் தனிக் குழாய் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டால், தாராவியில் சுத்தமான ஜலத்தில் மாட்டுங்கா வண்டிகள் குளிக்கும். குழாய் போடும் செலவை யார் ஏற்பது என்ற பேச்சை அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும்.